அரை மணி நேரத்தில் வேலை செய்யும் லேகியம்

வாசகர் கேள்வி, சித்த மருத்துவர் பதில்

இந்த முறை ஆண்களின் தாம்பத்தியப் பிரச்சினை பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை. இருந்த பெயர்களையும் நீக்கிவிட்டேன், ஊர் மட்டும் போதும். ஒருவர், "பெண் டாக்டரிடம் இதையெல்லாம் கேட்கலாமா என்று தெரியவில்லை" என்று தொடங்கி மூன்று பக்கம் கேட்டிருக்கிறார். தாராளமாகக் கேட்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் சித்தா பிரிவில் வேலை பார்த்த காலமெல்லாம், மூட்டுவலி என்று சீட்டு வாங்கிக்கொண்டு வந்து, கூட வந்தவர் வெளியே போனதும் குரலைத் தாழ்த்துகிற ஆண்களைப் பார்த்துப் பழகியவள்தான் நான். அதற்கும் முன்னால், மார்த்தாண்டம் பக்கம் அப்பாவின் மருந்துக்கடையில் உட்கார்ந்து பொட்டலம் மடித்தபோதே, எந்தச் சரக்கைச் சத்தமாகக் கேட்பார்கள், எதைச் சீட்டில் எழுதி நீட்டுவார்கள் என்று தெரிந்துவிட்டது.

"வயது 47. ரப்பர் பால் வெட்டும் தொழில். கோயில் கொடைக்குப் போன இடத்தில் கூடாரம் போட்டிருந்த வைத்தியரிடம் ஒரு லேகியம் வாங்கினேன். சின்ன டப்பா 1,500 ரூபாய். முழுக்கக் காட்டு மூலிகை, பக்கவிளைவே கிடையாது என்றார். பொய் சொல்லக்கூடாது, சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வேலை செய்கிறது. ஆனால் முகம் சூடாகிச் சிவக்கிறது, மூக்கு அடைக்கிறது, மறுநாள் காலை வரை தலைவலி. அப்படி என்ன மூலிகை அது? தொடர்ந்து சாப்பிடலாமா?" (குலசேகரம்)

தம்பி, முதலில் நிறுத்துங்கள். அப்புறம் படியுங்கள்.

சித்த மருத்துவம் படித்து, கற்பித்து, கொடுத்து வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அரை மணி நேரத்தில் இந்த வேலையைச் செய்யும் மூலிகை எதையும் எனக்குத் தெரியாது. அமுக்கரா, பூனைக்காலி, நிலப்பனை, ஓரிதழ்தாமரை என்று நாங்கள் கொடுப்பதெல்லாம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியவை. ஆனால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வேலை செய்து, முகத்தைச் சிவக்க வைத்து, மூக்கை அடைத்து, தலைவலியும் தருகிற பொருள் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சில்டெனாபில். வயாகரா என்று ஊர் முழுக்கத் தெரிந்த மாத்திரையின் மருந்துச் சரக்கு. பார்வையில் கொஞ்சம் நீலம் படர்ந்த மாதிரி எப்போதாவது தோன்றியதா என்று யோசித்துப் பாருங்கள். தோன்றியிருந்தால் என் சந்தேகம் இன்னும் கூடும்.

அந்த மருந்தை முதலில் நெஞ்சுவலிக்காகத்தான் சோதித்தார்கள். அதற்குச் சரிவரவில்லை. சோதனைக்கு வந்த ஆண்கள் சொன்ன வேறொரு விளைவு கவனத்தை இழுத்தது. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதுதான் அதன் வேலை. ஆணுறுப்பின் குழாய் மட்டும் தளர்ந்தால் நல்லது, ஆனால் முகத்தில் இருப்பதும் மூக்கில் இருப்பதும் மண்டையில் இருப்பதும் குழாய்தானே. அதனால்தான் உங்களுக்கு அந்தச் சூடும் அடைப்பும் தலைவலியும்.

இந்த மாத்திரையைப் பொடித்து லேகியத்தில், சூரணத்தில், கேப்சூலில் கலந்து "சுத்த மூலிகை" என்று விற்பது உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இப்படிப் பிடிபட்ட பொருட்களின் பட்டியலையே வெளியிட்டு வருகிறது. சில்டெனாபில் மட்டுமல்ல, 36 மணி நேரம் வரை உடம்பில் வேலை செய்யும் தடாலாபில், எந்த மருந்துப் புத்தகத்திலும் இல்லாத அவற்றின் உறவுக்கார இரசாயனங்கள், எல்லாம் கலக்கிறார்கள். 2008-இல் சிங்கப்பூரில் நடந்தது இன்னும் மோசம். அந்த ஆண்டின் முதல் ஐந்து மாதத்தில், சர்க்கரை வியாதியே இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கிய நிலையில் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் ஆண்கள். தோண்டிப் பார்த்தபோது, ஆண்மை மருந்தென்று விற்ற சரக்கில் சில்டெனாபிலோடு கிளிபென்கிளமைடும் இருந்தது. அது சர்க்கரை வியாதி மாத்திரை. 4 பேர் இறந்துபோனார்கள். எப்படி அது உள்ளே போனது என்று கேட்கிறீர்களா? திருட்டுத்தனமாக மருந்து அரைக்கும் இடத்தில் எந்தப் பொடி எந்தச் சட்டியில் விழுந்தது என்று யார் பார்க்கப் போகிறார்கள்.

நீங்கள் பிழைத்தது ஒரு விஷயத்தால் இருக்கலாம்: உங்களுக்கு நெஞ்சுவலி இல்லை, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை சாப்பிடுவதில்லை. நைட்ரேட் எனப்படும் அந்த வகை நெஞ்சுவலி மருந்து சாப்பிடுபவர் இந்த லேகியத்தை ஒரு கரண்டி தின்றால் இரத்த அழுத்தம் சட்டென்று விழும். அப்படியே போனவர்களும் உண்டு. 108-இல் ஏற்றிக்கொண்டு போகும்போது வீட்டில் யாரும் லேகியத்தைப் பற்றிச் சொல்வதில்லை, ஏனென்றால் வீட்டில் யாருக்கும் தெரியாது. டியூட்டி டாக்டர் நெஞ்சுவலிக்காரருக்கு முதலில் கொடுக்க நினைப்பதோ அதே நைட்ரேட்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்டால், 1954-லேயே மருந்துகள் மற்றும் மந்திர வைத்திய ஆட்சேப விளம்பரச் சட்டம் வந்துவிட்டது. தாம்பத்திய சுகத்தைக் கூட்டும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக்கூடாது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் அத்தனை போஸ்டர்.

டப்பாவை வீசி எறியாதீர்கள். உற்பத்தி உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், சேர்ந்திருக்கும் சரக்குகள், தயாரித்த தேதி ஆகியவை லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது என்றே நினைக்கிறேன். நாகர்கோவிலில் மாவட்டச் சித்த மருத்துவ அலுவலகத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுக்கலாம். டப்பாவோடு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், என் துறைக்காரர்கள் சிலருக்குப் பிடிக்காது. அந்த மாத்திரையை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. உங்களுக்கு அது தேவை என்றால், இரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. பார்த்துவிட்டு, டாக்டர் எழுதித்தரும் அளவில், மருந்துக்கடையில் பில்லோடு வாங்கிச் சாப்பிடுங்கள். 1,500 ரூபாய் ஆகாது. எவ்வளவு உள்ளே போகிறது என்றாவது தெரிந்திருக்கும்.

"நாகர்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறேன். வயது 20. தூக்கத்தில் வாரம் ஒருமுறை, சில வாரம் இருமுறை விந்து போய்விடுகிறது. உடல் இளைத்திருக்கிறேன், படிப்பில் கவனம் இல்லை. லாட்ஜில் மாதம் ஒருமுறை முகாம் நடத்தும் வைத்தியர், தாது முழுக்க நஷ்டமாகிவிட்டது, 18,000 ரூபாய்க்குக் கோர்ஸ் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்யாணம் பண்ண லாயக்கில்லை என்கிறார்." (பெயர், ஊர் வேண்டாம்)

மக்கா, அந்த 18,000 ரூபாயில் செமஸ்டர் பீஸைக் கட்டு. மிச்சமிருந்தால் தினமும் இரண்டு முட்டையும், ஒரு ஏத்தன் பழமும் சாப்பிடு.

தூக்கத்தில் விந்து வெளியேறுவது இந்த வயதில் இயல்பு. உடம்பு நாள் முழுக்கச் செய்துகொண்டே இருக்கிறது, நிறைந்தது வழிகிறது, அவ்வளவுதான். இதற்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை. ஆனால் உன் பயம் நிஜம். 1960-லேயே நம் நாட்டு மனநல மருத்துவர் என். என். விக் இந்தப் பயத்துக்கு 'தாத் சின்ட்ரோம்' என்று பெயர் வைத்து எழுதினார். தாது போகிறது என்ற கவலையே உடல் சோர்வாகவும் கவனக்குறைவாகவும் மாறிவிடும். இளைத்திருப்பதற்கு ஹாஸ்டல் சாப்பாடும் இரண்டு மணிக்குத் தூங்குவதும் காரணமா என்று பார். அப்படியும் மனம் அடங்கவில்லை என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் ஒரு நாள் போய்ப் பேசு. அங்கே ஓ.பி. சீட்டுக்கு யாரும் உன் சாதகத்தைக் கேட்க மாட்டார்கள்.

"ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன். உங்கள் பத்தியைத் தவறாமல் படிக்கிறேன், ஆனால் ஒரு குறை. சித்தர்கள் சொன்னார்கள், பரம்பரையாகக் கொடுக்கிறோம் என்றே எல்லா வைத்தியர்களும் சொல்கிறீர்கள். இந்த ஆண்மை மூலிகைகளை யாராவது முறையாகச் சோதித்ததுண்டா? உங்களிடம் கொடுத்தால் எப்படிச் சோதிப்பீர்கள்?" (வடசேரி, நாகர்கோவில்)

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாதப் பக்கத்தையே ஒதுக்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தோம், கேட்டது' என்பது மற்ற நோய்களுக்குக்கூட ஓரளவு சாட்சியாக நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் நிற்காது. காரணம், இங்கே நம்பிக்கையே பாதி மருந்து. 1998-இல் சில்டெனாபில் பற்றி வெளிவந்த முக்கியமான ஆய்வை எடுங்கள். மருந்து சாப்பிட்டவர்களின் முயற்சிகளில் 69 சதவீதம் வெற்றி. வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 22 சதவீதம். மாவுக்கு 22! எங்கள் ஊர் வைத்தியர் எதைக் கொடுத்திருந்தாலும், வருகிற ஐந்து பேரில் ஒருவர் வாழைக்குலையோடு நன்றி சொல்ல வந்திருப்பார். வராத நான்கு பேரை அவர் எண்ணியிருக்க மாட்டார். அவர்கள் அடுத்த வைத்தியரிடம் போயிருப்பார்கள்.

படித்தவர்களும் இதில் விழுவார்கள். பிரவுன்-சேகார் என்று பெரிய உடலியல் விஞ்ஞானி, மொரீஷியஸில் பிறந்தவர். 1889-இல், 72 வயதில், நாயின் விதையையும் கினிப்பன்றியின் விதையையும் அரைத்து எடுத்த சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது என்று பாரீஸில் அறிஞர் சபையில் அறிவித்தார். மாடிப்படி ஏற முடிகிறது, மூத்திரத்தின் வேகம் கூடியிருக்கிறது என்று கணக்கு வேறு. அந்தச் சாற்றில் வேலை செய்யும் அளவுக்கு ஹார்மோன் இருக்க வழியே இல்லை என்று பிற்காலத்தில் தெரிந்தது. அவ்வளவு பெரிய மனிதரையே ஏமாற்றிய உடம்பு, நம்மை விடுமா?

சரி, எப்படிச் சோதிப்பேன்?

மூலிகையிலிருந்தே தொடங்க வேண்டும். அமுக்கராக் கிழங்கை அப்பா ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். டக்கென்று ஒடிய வேண்டும், உள்ளே மாவாக வெளுத்திருக்க வேண்டும். பொடியாக வருவதை ஒடித்துப் பார்க்க முடியாது. வேரோடு இலையையும் அரைத்துவிடுகிறார்கள். இலையைச் சேர்க்கக்கூடாது, வேரை மட்டும் பயன்படுத்துங்கள் என்று 2021-இல் ஆயுஷ் அமைச்சகமே தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டி வந்தது. ஆகவே எந்தச் செடி, எந்த உறுப்பு, அதில் சத்து எவ்வளவு, ஈயம் பாதரசம் ஆர்செனிக் எவ்வளவு என்று முதலில் ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். இந்தியாவில் மூலிகை மருந்துக்கு ஈயம் 10, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரைதான் அனுமதி. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதப் பொருட்களை அமெரிக்காவில் வாங்கிப் பரிசோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒன்றில் இந்த உலோகங்களில் ஏதாவது இருந்தது. லிங்கம் என்ற பாதரசத் தாது சேர்த்த செந்தூரம் வேறு கதை. அது பாதரசச் சரக்கு என்று தெரிந்தே செய்வது. ஆண்மைக்கென்று அதை யாரும் தானாக வாங்கிச் சாப்பிடக்கூடாது.

அப்புறம் மருந்தைக் கேப்சூலில் அடைப்பேன். அமுக்கராவின் வாடை மூக்கைத் துளைக்கும், சூரணமாகக் கொடுத்தால் எது மருந்து எது மாவு என்று முதல் நாளே தெரிந்துவிடும். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். வந்தவருக்கும் தெரியக்கூடாது, கொடுக்கிற எனக்கும் தெரியக்கூடாது. எனக்குத் தெரிந்தால் மருந்து வாங்கியவரிடம் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துவிடுவேன். பலனை "எப்படி இருக்கு?" என்று கேட்டு எழுதினால் போதாது. இதற்கென்று 15 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் 1997-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதன் சுருக்கம் 5 கேள்வி, மொத்தம் 25 மதிப்பெண், 21-க்குக் கீழோ 21-ஓ வந்தால் குறை இருக்கிறது என்று பொருள். கல்லீரல், தைராய்டு பரிசோதனையும் முன்னும் பின்னும் எடுப்பேன். அமுக்கரா சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கியதாக வெளிநாடுகளிலும் இங்கும் நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள், டென்மார்க் 2023-இல் தடையே போட்டது. தடை அதிகப்படி என்பது என் கருத்து, ஆனால் பரிசோதிக்காமல் 'பக்கவிளைவே இல்லை' என்பது அதைவிட அதிகப்படி.

எல்லாவற்றுக்கும் முன்னால், இந்தச் சோதனையைச் செய்யப்போகிறேன் என்று இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். 2007-இல் தொடங்கி, 2009 முதல் கட்டாயமாக்கப்பட்ட பதிவேடு அது. பலன் மோசமாக வந்தால் பெட்டிக்குள் பூட்டி வைக்க முடியாதபடி ஒரு கடிவாளம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். நீங்கள் பாருங்கள், பொழுது நன்றாகப் போகும்.

இனி, நடந்த சோதனைகள். எனக்கு மிகவும் பிடித்தது குஜராத்தின் ஜாம்நகரில் ஆயுர்வேதக்காரர்களே செய்து 2011-இல் வெளியிட்டது. மனக்காரணத்தால் விறைப்புக் குறை உள்ள ஆண்களுக்கு ஒரு பாதிக்கு அமுக்கரா, மறுபாதிக்கு வெற்று மருந்து. 86 பேர் முழுமையாக முடித்தார்கள். அமுக்கராவுக்கு எந்தக் கூடுதல் பலனும் இல்லை, வெற்று மருந்து சாப்பிட்டவர்களின் முன்னேற்றம்தான் சற்றே கூட. தங்கள் மருந்து தோற்றதைத் தங்கள் பத்திரிகையிலேயே அச்சிட்டார்கள் பாருங்கள், அவர்களுக்கு நான் எழுந்து வணக்கம் சொல்வேன். அதே அமுக்கரா, விந்தணு எண்ணிக்கை குறைந்தவர்களிடம் வேறு மாதிரி நடந்துகொண்டது. 2013-இல் 46 பேரை வைத்து 90 நாள் நடத்திய சோதனையில், அமுக்கரா சாப்பிட்டவர்களுக்கு எண்ணிக்கை நன்றாகவே கூடியது. 46 பேர் என்பது ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு வரிசை. பெரிய அளவில் செய்து பார்த்தால் நிற்குமா என்பதுதான் கேள்வி.

பூனைக்காலி விதையை லக்னோவில் தினம் 5 கிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். விந்தணுவும் ஹார்மோனும் மேம்பட்டன. ஆனால் அதில் வெற்று மருந்துக் குழு இல்லை. அந்த விதையில் எல்-டோபா இருக்கிறது, பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் அதே பொருள், ஆகவே உடம்பில் ஏதோ செய்யும் என்பதில் சந்தேகமில்லை. மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் கிட்டேயே போகக்கூடாது என்பதும் அதனால்தான்.

நெருஞ்சில்தான் உலகச் சந்தையில் பெரிய ஆள், ஜிம் பையன்கள் டப்பா டப்பாவாக வாங்குகிறார்கள். 2007-இல் ஆஸ்திரேலியாவில் ரக்பி வீரர்களுக்கு ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். பலமும் கூடவில்லை, தசையும் கூடவில்லை. விறைப்புக்கு என்றால் பிரேசிலில் பலன் இல்லை என்றும், பல்கேரியாவில் உண்டு என்றும் வந்திருக்கிறது. நீர்க்கடுப்புக்கு நெருஞ்சில் குடிநீர் நான் எழுதித்தருவேன். இதற்கு எழுத மாட்டேன்.

மற்றவை பெரும்பாலும் எலியோடு நின்றுவிட்டன. ஆண் எலிக்கு நிலப்பனையோ சாதிக்காயோ கொடுத்து, பெண் எலி மீது எத்தனை தடவை ஏறுகிறது என்று எண்ணுவார்கள். எண்ணட்டும். ஆனால் எலிக்கு வட்டிக்கடன் கிடையாது, வெளிநாட்டிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவில் வரவேண்டியதில்லை, அடுத்த அறையில் மாமியார் இருமுவதில்லை.

"பேச்சிப்பாறை மலையில் காணிக்காரர்கள் தின்னும் ஆரோக்கியப்பச்சை தின்றால் கிழவனும் குமரனாவான் என்கிறார்களே, உண்மையா? எங்கே கிடைக்கும்?" (திருவட்டாறு)

குமரனாவது கிடக்கட்டும், அதன் கதை நல்ல கதை. 1987-இல் அகத்தியமலைப் பக்கம் செடிகளைத் தேடிப்போன ஆராய்ச்சியாளர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது, கூட வந்த காணிப் பழங்குடி இளைஞர்கள் ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டே சளைக்காமல் ஏறினார்களாம். கேட்டபோது எளிதில் காட்டிக் கொடுக்கவில்லை. அதுதான் ஆரோக்கியப்பச்சை. கேரளத்தின் பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிலையத்தார் அதோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேர்த்து 'ஜீவனி' என்று மருந்தாக்கி, உரிமத்தைக் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். 10 லட்சம் ரூபாயும் விற்பனையில் 2 சதவீதமும் என்று பேச்சு, அதில் பாதி காணிகளுக்கு. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்ததற்கு உலகமே இதை உதாரணம் காட்டியது. அந்தப் பங்குக்கான அறக்கட்டளை 1997-இல் கேரளக் காணிகளின் பெயரில் அமைந்தது. 1956 நவம்பர் 1-இல் போட்ட மாநில எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நம் மாவட்டத்து மலையிலும் அதே காணி மக்கள்தான் இருக்கிறார்கள். இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஜீவனி களைப்பைப் போக்கும் மருந்தாகத்தான் வந்தது. ஆண்மைக்கு என்றால், இலைச்சாற்றை ஆண் சுண்டெலிக்குக் கொடுத்துப் பார்த்து 1997-இல் ஒரு கட்டுரை வந்தது, எலிகள் சுறுசுறுப்பாயின. மனிதரிடம் கிழவனைக் குமரனாக்கிய சோதனை எதுவும் இல்லை. எங்கே கிடைக்கும் என்பதை நான் சொல்வதாக இல்லை. காட்டு நிழலில் மெதுவாக வளரும் செடி. பாதுகாக்கப்பட்ட காட்டில் புகுந்து பறித்தால் வனத்துறை வழக்கு. சந்தையில் அந்தப் பெயரில் யாராவது காய்ந்த இலையை நீட்டினால் அது வேறேதோ இலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"கல்யாணமாகி இரண்டரை வருடம். குழந்தை இல்லை. நான் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டேன், எனக்குக் குறை இல்லை என்றார்கள். கணவர் டெஸ்டுக்கு வர மறுக்கிறார். மாமியார் ஓரிதழ்தாமரைப் பொடியும் முருங்கைப்பூப் பாலும் கொடுக்கிறார், ஒரு வருடம் பார்க்கலாம் என்கிறார். நான் என்ன செய்ய?" (தோவாளை)

மகளே, முருங்கைப்பூப் பால் குடிக்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் ஒரு வருடம் எதற்கு?

குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. பெண்ணுக்கு இரத்தம், ஸ்கேன், குழாய்ப் பரிசோதனை என்று வரிசையாக எடுத்துவிட்டு, ஆணுக்குச் செய்ய வேண்டிய மிக எளிய சோதனையைக் கடைசியில் வைப்பது நம் ஊர் வழக்கம். ஊசி இல்லை, வலி இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் சேராமல் இருந்துவிட்டு, ஆய்வகத்தில் தனி அறையில் விந்தை எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அளவுப்படி, ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம் அணுக்களாவது, அளவு 1.4 மில்லியாவது, 42 சதவீதமாவது அசைவு. இதற்குக் கீழே வந்தாலும் குழந்தை பிறக்காது என்று அர்த்தமில்லை. ஒரு தடவை குறைந்தால் இன்னொரு தடவை எடுக்க வேண்டும், இரண்டு மாதம் முன்னால் வந்த காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்துவிடும்.

ஓர் அணு உருவாகி முதிர ஏறத்தாழ 74 நாள். ஆகவே எந்த மருந்தானாலும், மூலிகையோ ஆங்கில மருந்தோ, மூன்று மாதம் கழித்துத்தான் அதன் பலன் தெரியும். மாமியாரிடம் இப்படிச் சொல்லிப்பாருங்கள்: "இப்போ ஒரு டெஸ்ட் எடுப்போம், அத்தை. மூணு மாசம் உங்க மருந்தைச் சாப்பிடட்டும். அப்புறம் இன்னொரு டெஸ்ட். உங்க மருந்து வேலை செஞ்சுதுன்னா பேப்பர்லயே தெரியுமே." மருந்தைக் குறை சொல்லாமல் பரிசோதனைக்கு வழி பண்ணிவிடலாம். விதைப்பையில் இரத்தக் குழாய் புடைத்திருப்பது போன்ற காரணம் இருந்தால் எந்தப் பொடியும் அதைச் சரிசெய்யாது, அதை முதல் டெஸ்டுக்குப் பிறகு பார்க்கிற டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். கணவர் ஜிம்முக்குப் போகிறவர் என்றால், உடம்பு ஏற்ற ஏதாவது ஊசி போட்டாரா என்று தனியாகக் கேளுங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் உள்ளே அணு உற்பத்தி நின்றுவிடும். இதைப் பல பையன்கள் கேள்விப்பட்டதே இல்லை.

"வயது 55. வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தேன், இப்போது ஏலக்கூடத்தில் கணக்குப் பார்க்கிறேன். எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. ஒரு வருடமாக விறைப்பு சரியில்லை. படியேறினால் மூச்சு வாங்குகிறது, வயது ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். அமுக்கரா லேகியம் சாப்பிடலாமா? சர்க்கரை டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?" (குளச்சல்)

லேகியத்தை இப்போதைக்கு விடுங்கள். அதில் கருப்பட்டியோ வெல்லமோ சர்க்கரையோ கிலோக் கணக்கில் விழுந்திருக்கும். உங்கள் சர்க்கரை மாத்திரையோடு அமுக்கரா சேர்ந்தால் அளவு தாழவும் செய்யலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது படியேறினால் வாங்கும் மூச்சு. ஆணுறுப்புக்குப் போகும் இரத்தக் குழாயின் குறுக்களவு 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்துக்குப் போவது 3 முதல் 4. கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்து குழாயை அடைக்கத் தொடங்கினால் சின்னக் குழாய்தான் முதலில் திணறும். நெஞ்சுவலி வருவதற்குச் சில வருடங்கள் முன்னாலேயே விறைப்புக் குறைவது அடிக்கடி நடக்கிறது. சர்க்கரைக்காரருக்கு இன்னும் அதிகம். ஆகவே இந்த வாரமே, அடுத்த மாதம் அல்ல, டாக்டரைப் பார்த்து இ.சி.ஜி., எக்கோ, மூன்று மாத சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, கிரியேட்டினின் எடுத்துவிடுங்கள். புகை பிடிக்கிறீர்களா என்று எழுதவில்லை. பிடித்தால் இன்றே விடுங்கள், எந்த லேகியத்தையும்விட அது இந்தக் குழாய்க்கு நல்லது.

டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், வாய் வராவிட்டால் இந்தக் கேள்வியைக் கிழித்துக் கையில் கொடுங்கள். இதுவரை வாங்கித் தின்ற டப்பாக்கள் வீட்டில் இருந்தால், லேபிள் இல்லாததையும் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள்.